கிடங்கு

டைனோசர் கேட்பான் என்று
பச்சைச் சாயம் இரண்டு குப்பி வாங்கி வைத்திருந்தேன்.
"எனக்குக் கிடங்கு வேணும்" என்றான் ஆரூரன்.

மிட்சத்தில் எங்கள் வாசலுக்கு நேரே நடைபாதையில்
தண்ணீர்க் குழாய்க்காரர் கிண்டிப்போட்டு
ஏழு கிழமையாய் மூடாத கிடங்கு.
பள்ளிக்கூடம் போகையில் ஒருதரம்,
வருகையில் ஒருதரம்
தடுப்பில் நாடியை ஊன்றி
உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வான்.

மைத்துனி துளசிகா தொலைபேசியில் சிரித்தாள்.
போன மாதம் அவள் மகளுக்கு மூன்றடுக்கு மாளிகை,
கோபுரத்துக்குக் கோபுரம் வெள்ளி மணி.
"பிறந்தநாளும் அதுவுமாய்க் கிடங்கு வெட்டுறதோ?"

வெள்ளி இரவு.
வட்டக் கேக்கின் நடுவைத் தோண்ட ஒரு நிமிடம் போதும்.
(தோண்டியதை நின்றபடியே நான் தின்றுவிட்டேன்.)
இவ்வளவுதான் என்றிருந்தேன்.
கிடங்கைச் சுற்றியல்லவா
மற்ற எல்லாவற்றையும் செய்யவேண்டியிருந்தது!

வெள்ளை ஃபாண்டன்டுக்குள்
பல்லுக்குச்சி முனையால் தொட்ட கறுப்பு.
ரொட்டிக்குப் போல அடித்துப் பிசைய
மெல்ல மெல்லத் தாராகும் சாம்பல்.
பிந்தினால் யானைத்தோலாய் வெடிக்கும்,
சோளமா கூடினால் விளிம்பு பிளக்கும்.
குழாய்க்கு நீல உறிஞ்சுகுழல்.
செம்மஞ்சள் கூம்பு எட்டு.
ஏழு நேராய் நின்றன;
எட்டாவதை யாரோ வான்காரன் இடித்ததாக
வைத்துக்கொண்டேன்.

கடையில் தட்டு நிரப்புகிற வேலை முடிந்து
இரண்டு மணிக்கு வந்தார் காந்தரூபன்.
சப்பாத்துக் கழற்றாமலே பார்த்தார்.
"கரை இப்பிடி நேராய் நிக்காது."
கை கழுவி வந்து
பெருவிரலால் உள்விளிம்பைச் சரித்தார்.
பிஸ்கற் தூளை அள்ளி ஒரு பக்கமாய்க் குவித்தார்.
"கிண்டின மண் போட்ட இடத்தில கிடக்காது,
கொஞ்சம் உள்ளுக்கு விழும்."
பிறகு ஒரு மூலையில்
கத்தி நுனியால் இரண்டு படி வெட்டினார்.
"இறங்கவேணுமே."

எங்கள் வாசல் கிடங்கில் படி இல்லை.
அவருடைய ஐந்தாவது பிறந்தநாள்
எங்கே கழிந்தது என்று நான் கேட்கவில்லை.
மஞ்சள் தொப்பி போட்ட ஒரு ஆளைப் பிடித்து
படியில் இருத்திவிட்டுப் படுக்கப் போனார்.

சனி காலை எட்டரைக்கே லொறி வந்தது.
கல், மண், தார், உருளை.
பத்து மணிக்குத் தடுப்புகளையும் ஏற்றிக்கொண்டு
கையசைத்துவிட்டுப் போனார்கள்.
யன்னலில் மூக்கை அழுத்தியபடி நின்றான்.
அழவில்லை.
"இனிக் கேக்கில மட்டும்தான் இருக்கு" என்றான்,
சில்லறை எண்ணுகிறவன் குரலில்.

பதினான்கு பிள்ளைகள், பாட்டு, ஊதி அணைத்த ஐந்து மெழுகுதிரி.
கத்தியை வைத்தபோது
பக்கத்து வீட்டு ஓமோலாரா கேட்டாள்,
கிடங்கு ஆருக்கு?

ஒருவரும் அதை யோசித்திருக்கவில்லை.
ரோட்டைத் துண்டு துண்டாய்ப் பங்கிட்டோம்.
சாம்பல் நாக்குகள், சாம்பல் பற்கள்.
வெட்ட வெட்டப் பெருத்தது கிடங்கு,
பலகை முழுக்கக் கிடங்காயிற்று,
கடைசியில் கிடங்கே இல்லை.
துளசிகா இரண்டாம் துண்டு கேட்டாள்.
அதையும் எழுதி வைக்கிறேன்.

படி இருந்த துண்டை மட்டும்
காந்தரூபன் யாருக்கும் கொடுக்கவில்லை.
குளிர்பெட்டியில் வைத்து எடுக்க
அது வேர்த்திருந்தது.
சிங்கின் பக்கம் திரும்பி நின்று
கரண்டியில்லாமல் தின்றார்.

மஞ்சள் தொப்பிக்காரனை மகன் கொண்டுபோய்
புதுத் தாரின் நடுவில் நிறுத்தினான்.
"இவர் பாத்துக்கொள்ளுவார்."

ஞாயிறு முழுக்க மழை.
திங்கள் பள்ளிக்கூடம் போகையில்
அந்த இடத்திலிருந்து வடிகால் வரைக்கும்
இனிப்பாய் ஒரு மஞ்சள் கோடு.
தடுப்பில்லாத இடத்தில்
நாடியை எங்கே ஊன்றுவதென்று தெரியாமல்
நின்றான்
ஒருதரம்.