பெருஞ்சாணியில் ஐந்து சென்ட்

வள்ளம் விபின்தாசுடையது. பச்சை ஃபைபர்,
அடியில் ஒரு பழைய வெடிப்பு, தார் வைத்து அடைத்தது.
முன்னால் இருப்பவள் துழாவினால் போதும்,
பின்னால் இருப்பவள்தான் திருப்ப வேண்டும்,
அதாக்கும் சட்டம் என்றான்.
சட்டம் என்ற சொல் விழுந்ததும்
ஜெனிற்றா தண்ணீரைப் பார்த்தாள்.
நான் வேறொரு தண்ணீரைப் பார்த்தேன்.

குழித்துறைக் கோர்ட்டில்
எங்கள் பதினொரு சென்ட் ஏழு வருசமாகக் கிடக்கிறது,
நடுவில் ஒரு அயனி மரத்தோடு.
வாய்தாவுக்கு ஒரே பஸ்ஸில்தான் போவோம்,
வேறு வேறு சீட்டில்.
போன தடவை இறங்கும்போது அவள்தான் கேட்டாள்:
"மீன் பிடிக்கப் போவமா?"
சில்லறை வாங்கிக்கொண்டிருந்த நான்
சரி என்றுவிட்டேன்.

வைகாசி கடைசி. அணை வற்றி,
கரையெல்லாம் சிவப்பாய் வெடித்துக் கிடந்தது.
முங்கிக் கிடந்த குற்றிகள் கழுத்தளவு வெளியே.
முதல் ஒரு மணி நேரம் வட்டம் போட்டோம்.
நான் வலப்பக்கம் போட்டால் அவளும் வலம்,
நான் மாற்றினால் அவளும் மாற்றினாள்,
வாலைத் துரத்தும் நாய்க்குட்டி போல வள்ளம்.
"ஒண்ணு சொல்லிட்டு மாத்து"
"நீ சொல்லு"
யாரும் சொல்லவில்லை.
எப்போது நேரானது என்று தெரியாது,
மலை மட்டும் பக்கத்தில் வந்திருந்தது.

மூன்று சிலேபி, மூன்றும் அவளுக்கு.
எனக்கு ஒரு முழம் அறுந்த வலை.

நீர் இறங்கும்போது மட்டும் இருக்கிற தீவு அது.
பட்டா இல்லை, சர்வே நம்பர் இல்லை,
கொக்கு எச்சமும் கொஞ்சம் கோரையும்.
கூடாரம் அடித்து முடித்ததும்
ஜெனிற்றா காலால் அளக்க ஆரம்பித்தாள்.
அளக்காமல் இருக்க எங்களுக்கு வராது.
"இருபத்தெட்டுக்கு எழுபத்தெட்டு. அஞ்சு சென்ட் வரும்."
"வடக்குப் பாதி எனக்கு."
"கிணறு என் பக்கம் வரணும்."
"சுத்திலும் அணை, கிணறு எதுக்குட்டீ?"
அவள் சிரித்த சிரிப்பில் கொக்கு எழுந்து போனது.

மரச்சீனி அவித்தோம். காந்தாரி மிளகை
உப்போடு கல்லில் நசுக்கி மீனில் அப்பினோம்.
மாறாமலைப் பக்கம் மின்னல்
சத்தமில்லாமல் துணி உதறிக்கொண்டிருந்தது.
அங்கே பெய்கிற மழை நமக்கென்ன என்று
படுத்துவிட்டோம்.

குதிகாலில் ஈரம் பட்டு விழித்தேன்.
டார்ச் அடித்தால் அடுப்புக் கல்லைக் காணோம்.
பானை தனியாக வெள்ளோட்டம் விட்டுக்கொண்டிருந்தது.
எட்டிப் பிடித்தாள்.
"இப்போ மூணு சென்ட்" என்றாள், பல் கிட்டிக்க.
இருட்டில் குற்றிகளுக்கு நடுவே தள்ளினால் அடி கிழியும்.
கூடாரத்தைச் சுருட்டி, வள்ளத்தைத் தீவின் முதுகில் ஏற்றி
உள்ளே ஏறி உட்கார்ந்தோம்,
தரையில் நிற்கிற வள்ளத்தில்,
தண்ணீர் வரட்டும் என்று.

அது வந்தது. நாய் நக்கிக் குடிக்கிற சத்தத்தோடு
இரண்டு சென்ட், ஒன்றரை,
அப்புறம் நாங்கள் எண்ணவில்லை.

"அயனி காய்ச்சிருக்கா?"
"எக்கச்சக்கம். பெறக்க ஆளில்ல. வௌவால் தின்னுது."
"நீ பெறக்குக பாடில்லியா?"
"கேஸுல இருக்கிறத எப்படிப் பெறக்க?"
கொஞ்ச நேரம் தவளைகள் மட்டும் பேசின.
"நானும் அதுக்குத்தான் போகல்ல" என்றேன்.

அடியில் மண் உரசுவது நின்றது.
ஒரு பக்கம் முதலில், பிறகு மொத்தமாக,
யாரோ இடுப்பில் எடுத்து வைத்ததுபோல்.
அப்போதுதான் பார்த்தோம்,
அவசரத்தில் எதிரெதிர் முகமாக உட்கார்ந்திருக்கிறோம்.
முன் எது, பின் எது?
வெளுக்கிற பக்கம் அவள் முதுகுக்கு நேரே.
தார் வைத்த இடம் கசிய ஆரம்பித்திருந்தது.
"நீ துழாவு, நான் கோருகேன்" என்று
மீன் பானையை எடுத்தாள்.
இடது என்றாள். வலது என்றாள்.
திரும்பிப் பார்க்காமலேதான் சொன்னாள்,
இரண்டு தடவை குற்றியில் முட்டினோம்.