நிமிடத்துக்குப் பதின்மூன்று

முதல் வருஷம் எங்களைச் சோடியாக நிறுத்தி
மணிக்கட்டைக் கொடுக்கச் சொன்னார்கள்.
கெர்வின் என் கையைப் பிடித்தான்,
காதலுக்கு இல்லை, தமனிக்கு.
மூன்று தரம் குத்தினான். நாலாவதில்
யாரும் இழுக்காமலே ரத்தம்
ஊசிக்குழலுக்குள் வந்தது,
கடன்காரன் படியேறுவதுபோல விட்டு விட்டு.
என் முறையில் நான் இரண்டாவதோடு நிறுத்திக்கொண்டேன்.
அவன் முகம் வெளுத்திருந்தது.
மதிப்பெண் போயிற்று.

பட்சோய் கடைக்காரி நெனித்தா கேட்டாள்:
நர்ஸா?
இல்லை.
டாக்டரா?
இல்லவே இல்லை.
பின்னே என்னதான் படிக்கிறாய்?
மூச்சு விட வைக்க.
கரண்டியைக் கீழே போட்டுச் சிரித்தாள்:
அதற்கா நாலு வருஷம், இத்தனை ஆயிரம் பீசோ?
என் பையன் வெளியே வந்து விழுந்த நிமிஷமே
இலவசமாகக் கற்றுக்கொண்டானே!
பாவம் என்று நூடுல்ஸில்
இன்னோர் எலும்பு போட்டாள்.

எங்கள் இலோயிலோவில் மூச்சுக்குப் பெயர் கின்ஹாவா.
மணிலாவிலிருந்து வந்த ஹஸ்மினுக்கோ
அதே சொல் சுகம், ஆறுதல்.
கின்ஹாவா இல்லை என்று நான் கத்தினால்
அவள் தலையணை எடுக்கப் போவாள்,
நான் ஆக்ஸிஜனுக்கு ஓடுவேன்.
இரண்டும் ஒன்றுதான் என்று வகுப்பில் யாரோ சொன்னார்கள்.
நள்ளிரவு வார்டில் அப்படித் தெரியவில்லை.

மூன்றாம் வருஷம். அரசு மருத்துவமனை.
வென்டிலேட்டர் ஏழு.
எட்டாவது ஆள் எர்லிந்தா, கட்டில் இருபத்து மூன்று.
எட்டாவது இயந்திரம் அவள் புருஷன் தியோபிஸ்தோ,
டிரைசைக்கிள் ஓட்டுகிறவர்.
ரப்பர் பையை அவர் கையில் கொடுத்து
நான்தான் சொன்னேன்:
அமுக்குங்கள், விடுங்கள், ஐந்து நொடி,
மறுபடி அமுக்குங்கள். தூங்கிவிடாதீர்கள்.
கடைசி வாக்கியம் பாடப் புத்தகத்தில் கிடையாது.

ஒரு மணிக்குக் காபியோடு போனேன்.
அவர் எண்ணவில்லை. பேசிக்கொண்டிருந்தார்.
எர்லிந்தா என்று அமுக்கினார்,
மழை நின்றுவிட்டது என்று விட்டார்.
எர்லிந்தா.
பின்சக்கரத்துக்கு டியூப் வாங்கணும்.
எர்லிந்தா.
உன் தங்கச்சிக்குச் சொல்லியாச்சு.
மூச்சுக்கு முந்நூறு தரம் இவள் என்னைக் கூப்பிடுவாள், மிஸ்,
இப்போ என் முறை என்றார்.

கைக்கடிகாரம் பார்த்தேன்.
நிமிடத்துக்குப் பதின்மூன்று.
பன்னிரண்டு போதும் என்றேன்.
இவளுக்கு எப்பவும் கொஞ்சம் அவசரம் என்றார்,
பையிலிருந்து கண்ணெடுக்காமல்.
பத்து நிமிடம் நான் வாங்கி அமுக்கினேன்.
எனக்கு அவளிடம் சொல்ல ஒன்றுமில்லை.
சும்மா எண்ணினேன்.

நாலு பத்துக்கு ஒன்பதாம் கட்டில் காலியானது.
அங்கே ஒரு பெண் சுவரைப் பார்த்து நின்றாள்.
நான் இயந்திரத்தைத் துடைத்தேன்,
குழாய்களை மாற்றினேன்,
அவள் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தேன்.
ஒரு சக்கரம் கிரீச்சிட்டது.
வேறு வழி இருந்திருந்தால் அந்த வழியாகப் போயிருப்பேன்.

டாக்டர் எழுதியது பன்னிரண்டு.
பித்தானின் மேல் என் விரல்
ஒரு கணம் பதின்மூன்றில் நின்று
பிறகு இறங்கியது.
தியோபிஸ்தோ நாற்காலியிலேயே சரிந்துவிட்டார்.
தூக்கத்திலும் வலது கை
விரிந்தது, மூடியது, விரிந்தது,
இயந்திரத்தைவிடச் சற்றே முந்தி.

இறுதித் தேர்வு, கேள்வி நாற்பத்தொன்று.
ஒரு மூச்சு ஐந்நூறு மில்லி,
நிமிடத்துக்குப் பன்னிரண்டு,
மொத்தம் எத்தனை லிட்டர்?
பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும்.
ஆறரை என்று எழுதினேன்.
அடித்தேன்.
மணியடிப்பதற்குள்
ஆறு என்று எழுதிக் கொடுத்துவிட்டு
வெளியே வந்து
மூச்சு விட்டேன்.