சோலை வரி

படிவத்தில் ஒரு கட்டம்: வீடுகளின் எண்ணிக்கை.
ஆர்ட்பிளேர் தோட்டம், கீழ்ப்பிரிவுக்கு நேரே
போன வருடம் யாரோ 1 என்று எழுதியிருக்கிறார்.
தபாலுக்கும் அப்படித்தான்.
இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக் கடிதமும்
ஒரே முகவரிக்கு, தோட்டத்து ஆபிசுக்கு.

நான் பிரதேச சபையில் கணக்கெழுதுகிறவள்.
குப்பைத் திட்டம் என் மேசைக்கு வந்தது
எக்செல் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால்.

ட்ரக்டர் ஒன்று. ஓட்டுநர் நவரெத்தினம்.
டவுனில் ஒரு லீற்றர் டீசலுக்கு நாற்பது வாசல்.
மேலே ஏறினால் மூன்று.
மழையென்றால் இரண்டு.
ஏழாவது வளைவில் பின்னுக்கு எடுத்துத் திருப்பினால்
வாசலே கிடையாது, பள்ளம்தான்.

தவிசாளர் கேட்டார்: "அவங்க சோலை வரி கட்டுறாங்களா?"
இல்லை சேர்.
"ஏன்?"
வீடு அவர்கள் பெயரில் இல்லை.
"யார் பெயரில்?"
கம்பனி நடத்துகிறது, குத்தகைக்கு. காணி அரசாங்கத்தினுடையது.
தேத்தண்ணி ஆடை கட்டிக்கொண்டிருந்தது.
"அப்போ குப்பை யாருடையது?" என்றார்.
அதைக் கூட்டறிக்கையில் போடவேண்டாம் என்றும் சொன்னார்.
போட்டேன்.

சனிக்கிழமை நடந்தே ஏறினேன்.
லயத்துக்குப் பின்னால் கான் முழுக்க
ஷாம்பு பக்கெட், யோகட் கோப்பை, மாத்திரை அட்டை.
பீலிக்குக் கீழே நுரை.
ஐந்தாம் காம்பராவில் இன்பவதி
மூன்று உரச் சாக்கை ஆணியில் மாட்டியிருந்தாள்:
ஒன்றில் போத்தல், ஒன்றில் பொலித்தீன்,
மூன்றாவதில் பால்மா டின்னும் பிள்ளைகளின் அறுந்த செருப்பும்.
"எட்டு மாசமா பிரிச்சு வைக்கிறேன் மிஸ்.
ஸ்கூல்ல சொன்னாங்கன்னு மகன் நச்சரிச்சான்.
எடுக்கத்தான் யாரும் வரல.
நெறஞ்சா எரிக்கிறேன்.
பிரிச்சுத்தான் எரிக்கிறேன்."

அவள் இஸ்தோப்பில் உட்கார்ந்து
வண்டிகளை எண்ணத் தொடங்கினேன்.
கொழுந்து லொறி: நிறைந்து இறங்கும், வெறுமையாய் ஏறும்.
பால் வண்டி: அதேதான்.
மரக்கறி லொறி: அதேதான்.
கொழும்புக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளின் வேன்:
இறங்கும். தீபாவளிக்குத்தான் ஏறும்.
இந்த மலையில்
நிறைந்து ஏறி, வெறுமையாய் இறங்குவது எது?

பாண் ஓட்டோ! தூரத்திலிருந்தே பாட்டு.
பந்துசேன கையெடுத்துக் கும்பிட்டார்:
"பாண் பெட்டியில குப்பையா மிஸ்?"
நியாயம்தான். ஒரு மாலுபாண் வாங்கிக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு வந்தது ஏஜென்சி லொறி.
சவர்க்காரம், பிஸ்கட், பால்மா, மாலைமாலையாய் ஷாம்பு.
கடைக்கு இறக்கிவிட்டு, தார்ப்பாயைச் சுருட்டி,
வெறும் வயிற்றோடு கடகடவென்று இறங்கிப் போனது.
கிழமைக்கு ஒரு தரமாம், தவறாமல்.

திங்கட்கிழமை ஒரு வரிசை சேர்த்தேன்.
வாகனம்: திரும்பிப் போகும் லொறி.
டீசல்: ஏற்கனவே எரிவது.
சாக்குக் கட்ட ஒருவர், கிழமைக்கு ஒரு நாள், முழுப்பேர்
(அரைப்பேர் என்று திருத்தினால் என் கையொப்பம் இல்லை).
எல்லாம் கூட்டி, பிரித்து,
வீட்டுக்கு மாதம் முப்பத்தெட்டு ரூபா.
மூன்று ஷாம்பு பக்கெட்டின் விலை.

செலுத்துபவர் என்ற இடத்தில்
ஏஜென்சி, கம்பனி, சபை என்று எழுதினேன்.
மூவரும் மூன்று கடிதம் அனுப்பினார்கள்.
மூன்றிலும் ஒரே வாக்கியம்:
'இது எமது நியாயாதிக்கத்துக்கு உட்பட்டதல்ல.'

நேற்று இன்பவதி போன் எடுத்தாள்.
"முப்பத்தெட்டு ரூபாதானே மிஸ், நாங்களே கட்டுறோம்.
ரசீது குடுப்பீங்களா?"
குடுப்போம்.
"அதுல என் பேரு வருமா?
லய நம்பர், காம்பரா நம்பர் எல்லாம் போட்டு?
சபை சீல் வச்சு?"

அவர்கள் தலையில் கட்டக்கூடாது என்றுதான்
அந்தப் பெயரை எழுதாமல் விட்டிருந்தேன்.

ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்.
முகவரிக்கு ஒன்றரை அங்குலம் விட்டிருக்கிறார்கள்.
அடிமட்டம் வைத்தே அளந்தேன்.
சின்ன எழுத்தில் எழுதினால் கொள்ளும்.