உயரம்: பூஜ்யம்

படிவத்தின் முதல் கேள்வி,
விபத்து நடந்தபோது விமானம் இருந்த உயரம்.
பூஜ்யம் என்று எழுதினேன்.
வேகம்: ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில்
ஒருவர் சைக்கிள் மிதிக்கும் வேகம்.
அதை அடித்துவிட்டு
எட்டு நாட் என்று போட்டேன்.

மீனம்பாக்கம், காலை ஆறு ஐம்பது.
போகிப் புகை இன்னும்
பல்லாவரம் மலையின் இடுப்பை விட்டு இறங்கவில்லை.
அது விலகும்வரை பறக்க அனுமதி கிடையாது,
அதற்குள் பெட்ரோலாவது நிரப்பிவிடலாம் என்றார்கள்.
ஹேங்கர் வாசலிலிருந்து பம்பு வரை
எழுபது மீட்டர்.
உருட்டிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

பழைய விமானத்தில் எனக்கு நாற்பத்தொரு மணி நேரம்.
அதில் பெடலின் மேல்விளிம்பில் பிரேக்,
கால்விரல் தானாகப் போய் உட்காரும்.
இது போன வியாழன் வந்தது.
சீட்டில் பிளாஸ்டிக் கவர்கூடக் கிழிக்கவில்லை.
இதற்குப் பிரேக் கையில்,
இரண்டு இருக்கைக்கும் நடுவே
கறுப்பாய் ஒரு சின்ன நெம்புகோல்.
முந்தின நாள் வகுப்பில் எழுதிக்கொண்டேன்.
அடிக்கோடும் போட்டேன்.

வாடகை வீடு மாறிய முதல் ராத்திரி
கரண்ட் இருக்கும், ஸ்விட்ச் இருக்காது.
கை பழைய வீட்டின் சுவரையே
தடவிக்கொண்டிருக்கும்.
அப்படித்தான் என் கால்.
அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன்.
அங்கே ரப்பர் பாய் இருந்தது,
அதன் அடியில் தகரம்.

இடது இறக்கை முதலில்
துலுக்காணத்தின் டிவிஎஸ் ஐம்பதிலிருந்து
கண்ணாடியை எடுத்தது,
திருகு கழற்றி எடுப்பதுபோல, மரியாதையாக.
பிறகு மூக்கு திரும்பி
சிவப்பு மணல் வாளிகள்.
மூன்றாவது வாளியில் புரொப்பல்லர்
ஒரு சுற்று, இன்னொரு அரைச் சுற்று,
நின்றது.
கண்ணாடி பனிக்கிறதென்று திறந்துவைத்த கூரை வழியே
மணல் எங்கள் மடிக்கு வந்தது.

அந்த அமைதியில் குனிந்து பார்த்தேன்.
என் கால்கள் இரண்டும் நீண்டு விறைத்து.
பக்கத்தில்
பாலிஷ் போட்ட பழுப்பு ஷூக்கள் இரண்டு,
அவையும் நீண்டு விறைத்து.
கேப்டன் தேவசகாயம்.
மொத்தம் ஆறாயிரம் மணி நேரம்,
இதில் மூன்று.
இல்லாத பிரேக்கை
நான்கு கால்கள் மிதித்துக்கொண்டிருந்தன.

அவர் கால்களை மடக்கிக்கொண்டார்,
மெதுவாக, நான் பார்க்கவில்லை என்பதுபோல.
நானும் பார்க்காததுபோல
மணலைத் தட்டினேன்.

பதினான்காவது கேள்வி,
பயிற்றுநர் எடுத்த நடவடிக்கை.
பிரேக் போட்டார் என்று எழுதினேன்.
எங்கே என்று கேட்க
அதில் கட்டம் இல்லை.

இன்ஜினைப் பிரித்துப் பார்க்க ஆறு வாரமாம்.
என் லாக் புக்கில் இன்றைக்கு
புள்ளிக்கு இந்தப் பக்கமும் பூஜ்யம், அந்தப் பக்கமும்.
துலுக்காணம் தன் கண்ணாடியைப் பற்றி
ஒன்றும் கேட்கவில்லை.
"இன்னாம்மா, காத்தையா மிதிச்சே?" என்றார்.
மத்தியானம் பார்த்தபோது
நெம்புகோலில் சிவப்பு டேப் சுற்றிக்கொண்டிருந்தார்,
எந்தக் கையேட்டிலும் இல்லாத சிவப்பு.

சாயங்காலம் ரயிலில் நின்றுகொண்டு வந்தேன்.
பழவந்தாங்கல் நெருங்குகிறது,
வண்டி வேகம் குறைகிறது.
என் வலது கால் மிதிக்கிறது.
எதிரே நின்ற பெண்
காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு
"பாத்து" என்கிறாள்.