மிதித்த பிறகு

கெத்தையிலிருந்து மஞ்சூருக்கு நாற்பத்து மூன்று வளைவு.
பதினேழில்தான் அது முதன்முதலாக யோசித்தது.

மேலிருந்து கோவை பஸ்.
ஏறுகிற வண்டிக்கே வழி என்று
மலைச்சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டார் ஓட்டுநர்.
வா வா என்று ஜன்னலுக்கு வெளியே கை.
மிதித்தேன்.

ஒன்றுமில்லை.

ஒன்றுமே இல்லையென்று சொல்ல முடியாது.
இன்ஜின் ஓடுகிறது, வைப்பர் ஓடுகிறது,
திரையில் ஒரு பச்சை இலை மினுங்கி
சிக்கனமாக ஓட்டுகிறாய் என்று பாராட்டுகிறது.
என் கால் தரையைத் தொட்டாகிவிட்டது.
வண்டிக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.
ஒரு சாண் பின்னால் நழுவி
(டிக்கியில் ஆடியோமீட்டர் பெட்டி
ஒருமுறை புரண்டது கேட்டது)
பிறகு எல்லாம் ஒரேயடியாக ஞாபகம் வந்ததுபோல்
பாய்ந்தது.
பஸ் பம்பருக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றேன்.

படியில் தொங்கிய கண்டக்டர் குனிந்து பார்த்து,
"என்ன மேடம், கூப்பிட்டா வர மாட்டேங்குதா?"

குன்னூர் போஜன் பிற்பாடு படுத்துப் பார்த்தார், எழுந்து பார்த்தார்.
"பழைய வண்டின்னா கேபிள்.
இங்க இழுத்தா அங்க திறக்கும், நடுவுல ஆள் கிடையாது.
இதுல நீங்க மிதிக்கறது வெறும் மனு.
மேடு எவ்வளவு, கியர் எது, புகை எவ்வளவுன்னு
கம்ப்யூட்டர் கூட்டிக் கழிச்சு
அப்புறம் கையெழுத்துப் போடும்."
தாலுகா ஆபீஸ் மாதிரியா என்றேன்.
"அதைவிடக் கொஞ்சம் வேகம்."

கோவை ஷோரூமில் லேப்டாப்பை மாட்டினார்கள்.
பிழை எதுவும் பதிவாகவில்லையாம்.
காபி கொடுத்தார்கள்.
பில்லில் ஒரு வரி: வண்டியின் இயல்பு.
இயல்புக்கு எண்ணூற்றைம்பது ரூபாய், வரி தனி.

இதெல்லாம் பிறகு.
அன்றைக்கு மஞ்சூர் முகாமில் இருபத்தொரு பேர்.
முழங்கால் இன்னும் அடங்கவில்லை எனக்கு.
சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள்:
பதினைந்து வருஷமாக ஒரே வசனம்.

ஆல்தொரை, நாற்பத்து நான்கு வயது,
தேயிலை ஆலையில் ரோலர் ஓட்டுகிறவர்.
பொத்தானை அழுத்துகிறேன்.
ஒன்றுமில்லை.
கேட்கவில்லை என்று குறிக்கப் பேனா இறங்கும் நேரம்
விரல் எழுகிறது. நுனி மட்டும்.
அடுத்ததும் அப்படியே.
அதற்கடுத்ததும்.

வழக்கமாக இந்த இடத்தில் அதட்டுவேன்.
காது மந்தமானவரிடம் எல்லாரும் செய்வதுதான்,
அதைப் படித்துப் பட்டம் வாங்கிச் செய்கிறேன்.
இப்படி எத்தனை பேருக்குத்
தேவைக்கு மேல் சத்தமான கருவியை
எழுதிக் கொடுத்தேனோ.

அன்றைக்குக் கேட்டேன், ஏன் அண்ணா லேட்டு?

"கேக்குதுங்க. ஆனா அது உங்க சத்தமா,
காதுக்குள்ளயே ஓடிட்டிருக்கற மிஷினான்னு
பார்த்துட்டுத் தூக்கறேன்."

ஆலை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையும்
அவருக்கு ரோலர் நிற்பதில்லையாம்.
யாரிடமும் சொன்னதில்லை.
யாரும் கேட்டதில்லை.

விட்டுவிட்டு ஒலிக்கும்படி மாற்றினேன்.
டூ. டூ. டூ.
மிஷின் அப்படி ஓடாது.
விரல் உடனே எழுந்தது,
முழுதாக, நகக்கண்ணில் தேயிலைக் கறையோடு.

திரும்பி இறங்கும்போது பதினேழில் யாருமில்லை.
ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை விடுவித்து
சும்மா மிதித்துப் பார்த்தேன்,
விட்டு, மிதித்து, விட்டு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சுத் தள்ளி உறுமியது.
இதன் காதுக்குள் எந்த ஆலையும் ஓடவில்லை.
மன்னிக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பள்ளத்திலிருந்து பனி ஏறத் தொடங்கியது.
கிளம்பினேன்.
பிரேக் மட்டும்
தொட்ட மாத்திரத்தில் பிடித்தது.