கீழ் மூன்றிலொரு பங்கு

நானூற்றுப் பதினொன்றாம் சுற்றில்
சுவரில் ஒட்டிய ஏழாம் கேஜ்
பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை.

வாயு ஏறினால் சுவர் விரியும், எண் ஏறும்.
வாயு இறங்கினால் எண்ணும் இறங்கும்.
இறங்கியது, ஒவ்வொரு முறையும்
கொஞ்சம் பாக்கி வைத்து.
மளிகைக் கடை நோட்டில் விழும் சில்லறை மாதிரி
நான்தான் கூட்டிப் பார்க்கவில்லை.

ஓசூர் சிப்காட், இரவு இரண்டே கால்.
ரோஜாப் பெட்டி ஏற்றிய குளிர்வண்டிகள்
பாகலூர் சாலையில் உறுமிப் போகின்றன.
உள்ளே, இடுப்புயர உருளை
தண்ணீர்ச் சட்டை போட்டுக்கொண்டு
ஹைட்ரஜன் குடிக்கிறது.
குடிக்கும்போது சுடும்.
விடும்போது சில்லிட்டு வியர்க்கும்.

அழுத்தமானி முப்பது பார் காட்டுகிறது.
அனுமதி முப்பத்தைந்து.
வாயுவைக் கேட்டால் எல்லாம் சரி.
பொடியை யாரும் கேட்கவில்லை.

நிரப்பிய நாளில் அது பொடியே இல்லை.
கடுகளவுக் கட்டிகள், சாம்பல் நிறம்.
காற்று பட்டால் பற்றிக்கொள்ளும் சாதி என்பதால்
ஆர்கான் பெட்டிக்குள் கைவிட்டு
திம்மராயன் புனல் வைத்துக் கொட்டினார்.
கொட்டியபின் உருளையைத் தட்டினார்.
இடம் வந்தது. மறுபடி கொட்டினார்.

சந்தையில் ராகி அளக்கிறவள்
படியைக் குலுக்கமாட்டாள்,
குலுக்கினால் வாங்குகிறவனுக்கு லாபம்.
இங்கே விற்பதும் நாங்கள், வாங்குவதும் நாங்கள்.
இத்தனை கிலோவில் இத்தனை வாயு என்று
விளம்பரத் தாளில் ஒரு எண் தேவைப்பட்டது.
குலுக்கினோம்.

வாயு நுழையும் ஒவ்வொரு முறையும்
கட்டி கால்பங்கு பருக்கும்,
பருத்த வேகத்தில் விரியும் விரிசல்.
கடுகு ரவையாகி
ரவை மாவாகி
மாவு இன்னும் என்னவோ ஆகி
சந்துகளில் நழுவி
அடியில் போய் உட்காரும்.

எக்ஸ்ரேயில் பார்த்தோம்,
மேலே நாலு விரல் வெற்றிடம்.
அவ்வளவு இடம் இருக்கிறதே, எழும்பிப் போகலாமே?
போகாது. தூள் தண்ணீர் இல்லை.
ஒன்றின் தோளில் ஒன்று முட்டுக்கொடுத்து
அடுத்த முறை பருக்கும்போது
பக்கத்துச் சுவரைத்தான் தள்ளும்.

"ஆறு பேர் படுக்கிற நம்ம பி.ஜி. ரூம் மாதிரியா?"
காலை ஷிஃப்டுக்கு வந்த ஷபீனா கேட்டாள்.
இல்லை.
நாம் தூக்கத்திலாவது திரும்பிப் படுக்கிறோம்.

சென்னகேசவன் சார் சொன்னார்,
"பசை விட்டிருக்கும். வேற கேஜ் ஒட்டுங்க."
அசிட்டோனால் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து,
மூச்சடக்கி ஒட்டினேன்.
புது கேஜ், புதுப் பூஜ்யம்.
நானூற்றுப் பன்னிரண்டில் அதுவும் பாக்கி வைத்தது.

பிறகு வெர்னியரை எடுத்தேன்.
மேலே நூற்றுப் பதினாலு புள்ளி மூன்று மில்லிமீட்டர்.
நடுவில் அதேதான்.
கீழ் மூன்றிலொரு பங்கில் புள்ளி ஆறு.
கண்ணுக்குத் தெரியாது,
உள்ளங்கைக்குத் தெரியும்
(அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்).

படிவத்தில் அழுத்தத்துக்குக் கட்டம் இருந்தது.
வெப்பத்துக்கு இருந்தது.
கசிவுக்கு இரண்டு.
சுவருக்கு இல்லை.
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு
நானே ஒன்று வரைந்தேன்.
"படிவத்தை யார் திருத்தச் சொன்னா?"
கேட்டார்.
கையெழுத்தும் போட்டார்.

வியாழக்கிழமை உருளையை ஆர்கானில் அறுத்தோம்.
அடிப்பாதியைத் தலைகீழாகப் பிடித்தார் திம்மராயன்.
ஒரு துகள் விழவில்லை.
ஆணியால் கீறினார்.
ஆணிதான் வழுக்கியது.
"கல்லு கெட்டது போ" என்றார் தெலுங்கு வாடையோடு,
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் உருளையைப் படுக்கவைத்திருக்கிறோம்,
பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பி.
விளம்பரத் தாளின் எண் சிறுத்துவிட்டது,
அதற்காக ஒரு தனிக் கூட்டம் நடக்கிறது மாடியில்.

நிரப்பி முடித்ததும்
திம்மராயன் கை பழக்கத்தில் உயர்ந்தது தட்டுவதற்கு.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது,
கறுப்பு ரப்பர் கையுறைக்குள்.

இப்போது அறுபதாம் சுற்று.
எண் இறங்கிக்கொண்டிருக்கிறது.
டீ ஆறிவிட்டது.
கடைசித் தசமம் நிற்கும்வரை
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.