துளை எண் ஏழு

கரடிப்பூவல் குளத்துக் கட்டு
ஒன்றரை மைல் நீளம்.
ஏழாவது துளையை
இடதுகரைத் துருசிலிருந்து அறுபதடி தள்ளிப் போட்டோம்.
இயந்திரம் ஜயசுந்தரவுடையது. மண் உங்களுடையது
என்று பகிடி விடுவார்.
குழாய்க்குள் வரும் மண்ணை
மரப்பெட்டியில் அடி அடியாகக் கிடத்தி
ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதுவது என் வேலை.

முதல் இரண்டடி கிரவல்,
கனரக வண்டிகள் ஓடி இறுகியது.
நான்காம் அடியில் ஒரு இரும்புத் துண்டு,
விரல் நீளம், ஓரம் இன்னும் கூர்.
படிவத்தில் அதற்கென்று ஒரு பத்தி உண்டு:
அந்நியப் பொருள்.
எழுதினேன்.
பன்னிரண்டு வரை எழுபத்தெட்டில் உயர்த்திய சிவப்பு மண்.
அதன் கீழே கறுத்த களி,
வெள்ளைக்காரன் காலத்தில்
யானைகளை நடக்கவிட்டு மிதிப்பித்ததாம்.
கோப்பில் யானை இல்லை.
முப்பத்தோராம் அடியில் மணல்.
பழைய ஆறு
அங்கேதான் படுத்திருந்தது, ஈரமாக.

பின்னேரம் பெருமாயி வந்தாள்.
கேட்காமலே பெட்டிக்குள் கை வைத்தாள்,
சரியாகச் சிவப்பில்.
"இது நாங்க சொமந்தது மிஸ்.
கலவரத்துல அப்புத்தளைய விட்டு வந்து
மறு வருசம்.
கூடைக்கு ஒரு தகர வில்லை குடுப்பாங்க,
அந்திக்கு எண்ணித்தான் சம்பளம்.
மூணு வில்லை தொலஞ்சு போச்சு எனக்கு."
பிறகு, வந்த விசயம்:
"இப்ப ரெண்டடி ஒசத்துறீங்களே,
எங்க மேட்டுக்குத் தண்ணி ஏறுமா?"

முக்காலியை விரித்தேன்.
அளவுகோலை அவளே பிடித்தாள்,
ஆடாமல், பிடித்துப் பழகியவள் போல.
குளம் நிரம்பினால்
அவளுடைய மிளகாய்ப் பாத்திக்கு ஆறடி உயரத்தில் நிற்கும்.
துருசுக்குள் இறங்கி, உயரத்தை அங்கேயே தொலைத்து,
வாய்க்காலுக்கு வரும்போது
பாத்திக்கு மூன்றடி கீழே.
தலைக்கு மேல் குளம்.
காலுக்குக் கீழ் வாய்க்கால்.

"ஏறாது."

"அப்ப கெணத்துக்கு எப்படி வருது?"

கிணறு கட்டின் அடியிலிருந்து
நாற்பது பாகம்.
குளம் ஏறினால் ஏறும், வற்றினால் வற்றும்
என்று அவளே சொன்னாள், பெருமையாக.
அந்தத் தண்ணீரின் வழியைத்தான்
ஆறு துளைகளிலும் தேடிக் களைத்திருந்தேன்.

கட்டின் அடியில் ஓரிடத்தில்
ஆவணி வெயிலிலும் கோரை பச்சையாக நின்றது.
அவளிடமே ஒரு ஜாம் போத்தல் வாங்கி
அங்கே ஊறியதைப் பிடித்தேன்.
தெளிந்த கசிவு கட்டின் வியர்வை,
எந்தப் பொறியியலாளரும் மன்னிப்பார்.
கலங்கிய கசிவென்றால்
கட்டு மணி மணியாக வெளியேறுகிறது
என்று அர்த்தம்.
ஒரு நாள் முழுதாக வெளியேறும்.

விடிய எழும்பிப் பார்த்தேன்.
போத்தலின் அடியில்
நகக்கண் அளவு வண்டல்.
சிவப்பு.

கட்டுக்குக் கீழே அறுநூறு குடும்பங்கள்,
ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஆஸ்பத்திரி.
யோசிக்க எதுவும் இல்லை.
தேத்தண்ணி ஆறும்வரை யோசித்தேன்.
நிமிடத்துக்கு நான்கு லீற்றர், கலங்கல்,
உடன் அடைக்கப்பட வேண்டியது
என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

பன்னிரண்டு நாள்
சீமெந்துப் பாலை அழுத்தி ஏற்றினார்கள்.
மண் அவ்வளவு குடித்தது.
மாரியில் குளம் புதிய மட்டத்தைத் தொட
வான் கதவடியில் தேங்காய் உடைத்தார்கள்.
படத்தில் நானும் நிற்கிறேன்,
கண்ணை மூடியபடி.

அடுத்த ஆவணி.
குளத்தில் இன்னும் இருபத்தோரடி.
சிறுபோக வயல்கள் கதிர் தள்ளி நின்றன.
கழுவிய போத்தலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
கிணற்றுக் கயிற்றில் புதிதாக ஒரு முடிச்சு,
பழைய சேலைக் கிழிசல் நீட்டிக் கட்டியது.
அதுவும் எட்டாமல்
வாளி படியில் கவிழ்ந்து கிடந்தது.
மிளகாய்ப் பாத்தியில் குச்சிகள்.

ஏச்சு வாங்கத் தயாராகத்தான் நின்றேன்.
அவள் போத்தலை வெளிச்சத்துக்கு உயர்த்தி
அடியைப் பார்த்தாள்.

"இதுக்குள்ள கொஞ்சம் மண்ணு இருந்துச்சே மிஸ்,
அத எங்க ஊத்துனீங்க?"